மணலில் முட்டையிடும் தாய்மார்



பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் ஹட்டன் பக்கத்து வீடுகளில் பேச்சு ஒன்றுதான். "இந்த முறை எங்கே போவது?" வருடம் முழுவதும் மழையிலும் பனியிலும் கிடக்கும் நமக்குக் கடல் என்றால் ஒரு தனி ஆசை. காய்கிற வெயிலையும் விரிந்த மணலையும் கண்டால் பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்காது. நான்கு குடும்பம் சேர்ந்து வேன் பேசி, புரியாணிச் சட்டியையும் பாயையும் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்கோ மன்னாருக்கோ புறப்படுகிறோம். நல்ல காரியம்தான். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பெண்களுக்கு இப்படி ஒரு நாள் வேண்டும்.

ஆனால் நாம் பாயை விரிக்கும் அதே மணலில், நமக்கு முன்பே ஒரு குடும்பம் வந்து குடியேறி இருக்கிறது. அதற்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் தெரியாது. அந்தக் குடும்பத்தைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதப் போகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பாவா ஆதம் மலை தெரியாமல் இராது. ஹட்டனில் இறங்கித்தான் நாட்டின் பாதிப் பேர் அந்த மலைக்குப் போகிறார்கள். இப்னு பதூதா என்ற பெரும் பயணி 1344ஆம் ஆண்டில் புத்தளத்தில் கரையிறங்கி, காடும் மலையும் கடந்து அந்த மலையில் ஏறியதைத் தம் பயண நூலில் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். ஆதம் (அலை) அவர்களின் பெயரில் இலங்கையில் இன்னொரு இடமும் இருக்கிறது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை கடலுக்குள் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு நீளும் மணல் திட்டுகள்தான் அது. ஆதம் பாலம் என்பார்கள். மலையில் இறங்கியதும் பாலத்தில் நடந்ததும் மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்த கதைகள். ஆதம் (அலை) அவர்கள் எந்த இடத்தில் இறக்கப்பட்டார்கள் என்று குர்ஆன் குறிப்பிடவில்லை. ஆகவே அதை நான் வாதிட வரவில்லை. மலைக்கும் மணலுக்கும் ஒரே பெயர் இருப்பதால், மலையில் இருக்கும் நமக்கும் அந்த மணலோடு ஏதோ ஓர் உறவு இருப்பதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அந்தத் திட்டுகளில் மனிதக் குடியிருப்பு கிடையாது. மழை ஓய்ந்து வெயில் காயும் மாதங்களில் ஆலா என்ற கடற்பறவைகள் அங்கே கூட்டமாக வந்து இறங்குகின்றன. கொண்டை ஆலா, சிறு ஆலா என்று அவற்றில் பல வகை. வெறும் மணலில், ஒன்றுக்கொன்று கொத்து எட்டாத தூரம் விட்டு முட்டையிடுகின்றன. நரியும் நாயும் நீந்தி வர முடியாத இடம் என்பதால்தான் இவ்வளவு தூரம் வருகின்றன போலும். 2015இல் அரசாங்கம் ஆதம் பாலத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதற்கு முன், 2008இல், மன்னார்த் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள வங்காலைப் பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் 'ராம்சார்' பட்டியலிலும் சேர்ந்தது. அக்கரைக்காரர்களும் சும்மா இல்லை. தனுஷ்கோடியில் 2025 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு பூநாரைகளுக்கென்று ஒரு சரணாலயம் அறிவித்திருக்கிறது.

பூநாரையை எல்லோரும் பார்ப்பார்கள். நெட்டைக் கால், ரோஸ் நிறம், கூட்டமாக நிற்கும். புகைப்படம் எடுக்க அழகாக இருக்கும். நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல. அதன் காலடியில் ஓடித் திரியும், சிட்டுக் குருவியைவிடச் சற்றே பெரிய ஒரு சாம்பல் நிறப் பறவையைப் பற்றி. உப்பளத்திலும் கரையோரத்திலும் குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்துக் கொத்திவிட்டு மறுபடி ஓடும். தமிழில் இதன் இனத்துக்கு உப்புக்கொத்தி என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்!

இந்தச் சிறு பறவைக்கு ஒரு கதை உண்டு. 1915இல் இதற்குத் தனியாக ஒரு பெயர் கொடுத்தார்கள். பிறகு, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவலாக உள்ள கென்டிஷ் உப்புக்கொத்திதானே இது என்று அதன் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். உருவத்தில் அவ்வளவு ஒற்றுமை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சம்பத் செனவிரத்னவின் குழுவினர், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தாரோடும் சீனாவின் சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்தாரோடும் சேர்ந்து, மன்னார்ப் பறவைகளின் சிறகையும் அலகையும் அளந்தார்கள். இரத்தத்தின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட வேறு வேறு இனங்கள் என்று 2023இல் நிரூபித்துவிட்டார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே முட்டையிட்டு வாழும் பறவை இது. அந்த மணல் திட்டுகளைப் பற்றிய ராமாயணக் கதையை ஒட்டி இதற்கு 'அனுமன் உப்புக்கொத்தி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, படைத்தவன் ஒருவன்தானே.

தனி இனம் என்று ஆனதும் நிலைமை மாறிவிட்டது. உலகம் முழுவதும் இலட்சக்கணக்கில் இருக்கிறது என்று நினைத்து நிம்மதியாக இருந்த பறவை, திடீரென்று நம் நாட்டுக் கரையையும் பக்கத்துக் கரையையும் மட்டுமே நம்பி இருக்கும் பறவையாகிவிட்டது. இங்கே அழிந்தால், கொண்டுவந்து விட வேறு இடம் இல்லை. இன்னொரு செய்தியும் கேளுங்கள். கென்டிஷ் உப்புக்கொத்திக்கு இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தை வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது. அந்தக் கென்ட்டில் இன்று அது முட்டையிடுவதில்லை. பெயர் மட்டும் மிஞ்சி இருக்கிறது. கடற்கரையை மனிதர் முழுவதும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இதன் குடும்ப வாழ்க்கையைக் கேட்டால் சகோதரிகளுக்குப் பிடிக்கும்.

கூடு என்று சொல்லக்கூடாது, ஒரு குழி. உள்ளங்கை அளவுக்கு மணலை நெஞ்சால் அழுத்திக் குழித்து, உடைந்த சிப்பியும் சிறு கல்லும் நாலைந்து பொறுக்கிப் போட்டால் வீடு முடிந்தது. அதில் இரண்டோ மூன்றோ முட்டை. மணலின் நிறம், அதில் மை தெளித்த மாதிரிப் புள்ளிகள். இரண்டடி தூரத்தில் நின்றாலும் நம் கண்ணுக்குப் படாது. அதுதான் அதற்குக் காவல். அதுவேதான் அதற்கு ஆபத்தும். பார்க்காமலே மிதித்துவிடுகிறோம்.

ஏறத்தாழ மூன்றரை வாரம் அடைகாக்க வேண்டும். தாயும் தகப்பனும் முறை வைத்துக்கொள்கின்றன. இந்தக் குடும்பத்துப் பறவைகளில் பெரும்பாலும் பகல் முறை தாய்க்கு, இரவு முறை தகப்பனுக்கு. (நம் வீடுகளில் இரவில் பிள்ளை அழுதால் யார் எழும்புவது என்பதை நான் இங்கே எழுதவில்லை. வாசிக்கும் கணவன்மார் தாங்களே யோசித்துக்கொள்ளட்டும்.)

மன்னார் வெயிலைப் பட்டவர்களுக்குத் தெரியும், மத்தியானத்தில் அந்த மணலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அங்கே அடைகாப்பது சூடு கொடுப்பதற்கு மட்டும் அல்ல, சூட்டைத் தடுப்பதற்குத்தான். தாய்ப்பறவை முட்டைக்கு மேல் நின்று தன் நிழலைக் கொடுக்கிறது. சூடு மீறினால் தண்ணீர் ஓரத்துக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து ஈரத்தோடு முட்டையில் உட்காருகிறது. காய்ச்சல் பிள்ளைக்கு நாம் ஈரத்துணி போடுகிறோமே, அதேதான். யார் கற்றுக் கொடுத்தார்கள்? சுப்ஹானல்லாஹ்!

இப்போது நம் பாயைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குழியிலிருந்து பத்துப் பதினைந்து அடியில் நாம் உட்கார்ந்துவிட்டோம். நமக்குத் தெரியாது. பறவை பயந்து எழும்பி அங்கும் இங்கும் ஓடுகிறது. நாம் சாப்பிட்டு, பேசி, பிள்ளைகள் பந்தடித்து முடிய இரண்டு மணி நேரம். நாம் ஒரு கல்லும் எறியவில்லை, ஒரு முட்டையும் தொடவில்லை. நிழல் இல்லாமல் அந்த இரண்டு மணி நேரத்தில் முட்டைக்குள் இருந்த உயிர் வெந்துபோகிறது.

அடுத்தது நம் மிச்சச் சோறு. பிள்ளைகள் வைத்த சோற்றையும் கோழி எலும்பையும் லன்ச் ஷீட்டோடு சுருட்டி ஓர் ஓரத்தில் போட்டுவிட்டு வருகிறோம். வாயில்லா ஜீவன் தின்னட்டுமே என்று நல்ல எண்ணத்தோடும் போடுகிறோம். அதற்குக் காகம் வருகிறது, நாய் வருகிறது. சோறு முடிந்த பிறகு அவை திரும்பிப் போவதில்லை. மணலை மோப்பம் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்குகின்றன. கரையோரம் முட்டையிடும் பறவைகளுக்கு நாயையும் காகத்தையும்விடப் பெரிய எதிரி இல்லை. ஆகவே அந்த இடத்தில் சோறு போடுவது தர்மம் ஆகாது. மிச்சத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து ஊரில் போடுங்கள்.

பொலித்தீனைப் பற்றிச் சொன்னால், "நாங்கள் மலையில் இருக்கிறோம், கடலுக்கும் எங்களுக்கும் என்ன?" என்று ஒரு சகோதரி கேட்பார். நம் ஹட்டன் ஒரு கூரை முகடு மாதிரி. இந்த மலைகளில் பெய்யும் மழையில் ஒரு பங்கு காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வழியாகக் களனி கங்கையில் சேர்ந்து கொழும்பில் கடலில் விழுகிறது. இன்னொரு பங்கு மகாவலியோடு நாட்டைச் சுற்றிக்கொண்டு திருகோணமலைப் பக்கம் போய்ச் சேருகிறது. கானில் நாம் போடும் ஷொப்பிங் பேக் எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் கடல்தான். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியபோது அரிசி மணி மாதிரிப் பிளாஸ்டிக் உருண்டைகள் ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கும் மேல் கடலில் கலந்து மேற்குக் கரையெல்லாம் ஒதுங்கின. அது ஒரு கப்பல் செய்த வேலை. நாம் செய்வது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் செய்தியாவதில்லை.

நபி (ஸல்) அவர்களின் பயணம் ஒன்றில் நடந்ததாக அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்து, அபூதாவூதில் பதிவாகியிருக்கும் சம்பவத்தைப் பலரும் கேட்டிருப்பீர்கள். நபியவர்கள் சற்று அப்பால் சென்றிருந்த நேரத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையையும் அதன் இரண்டு குஞ்சுகளையும் கண்டு, குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகை விரித்துத் தவித்தது. திரும்பி வந்த நபியவர்கள், பிள்ளையை எடுத்து இதைத் துன்புறுத்தியது யார் என்று விசாரித்து, குஞ்சுகளைத் தாயிடமே கொடுத்துவிடும்படி சொன்னார்கள்.

இந்த ஹதீஸை நாம் மதரஸாவில் கருணைக்கு உதாரணமாகப் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், ஸஹாபாக்கள். அவர்களுக்குக் கொல்லும் எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை. அழகாக இருந்தது, எடுத்தார்கள். நம் பிள்ளைகள் சிப்பி பொறுக்குகிற மாதிரி முட்டையைப் பொறுக்கிக்கொண்டு வருவதும் அப்படித்தான். நபியவர்கள் அவர்களைச் சபிக்கவில்லை, நீண்ட உபதேசமும் செய்யவில்லை. தாயின் தவிப்பைச் சுட்டிக்காட்டினார்கள், திருப்பி வைக்கச் சொன்னார்கள். பிள்ளைகளைத் திருத்துவதற்கு இது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் சொல்லும் செய்தியும் உண்டு. எகிப்தில் படையோடு தங்கியிருந்தவர்கள், அலெக்ஸாந்திரியாவை நோக்கிப் புறப்படும் வேளையில் தம் கூடாரத்தில் ஒரு புறா கூடு கட்டியிருப்பதைக் கண்டு, கூடாரத்தைப் பிரிக்காமல் அப்படியே விட்டுப் போனார்கள் என்பார்கள். பிறகு அந்த இடத்தில் எழுந்த நகரத்துக்குக் கூடாரம் என்று பொருள்படும் 'புஸ்தாத்' என்ற பெயர் வந்தது. இன்று அது கெய்ரோவின் ஒரு பகுதி.

இதைப் பழங்காலக் கதை என்று ஒதுக்குபவர்களுக்கு 2019இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். சிகாகோ மாநகரத்தின் மொன்ட்ரோஸ் கடற்கரையில் ஒரு சோடி உப்புக்கொத்திகள் முட்டையிட்டன. நம்முடையவற்றின் உறவினம்தான், அந்த ஏரிப் பகுதியில் 1986இல் வெறும் 17 சோடிகளே எஞ்சியிருந்த அரிய பறவை. ஊர் மக்கள் அவற்றுக்கு மொன்டி, ரோஸ் என்று பெயர் வைத்துச் சுற்றிவரக் கயிறு கட்டி, முறை வைத்துக் காவல் இருந்தார்கள். அதே கடற்கரையில் ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் கூடும் இசைவிழா ஒன்று நடக்க இருந்தது. அது கைவிடப்பட்டது. இசைவிழா நடக்காமல் போனதில் நமக்குக் கவலை இல்லை! ஆனால் பணம் பண்ணும் ஓர் ஊர், ஒரு கைப்பிடி எடைகூட இல்லாத இரண்டு பறவைகளுக்காக வழி விட்டதே, அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை மூடி மறைக்காமல் பேசியாக வேண்டும். மன்னார் என்று சொன்னவுடன் நம் மனதில் முதலில் வருவது பறவை அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பகுதி மக்கள் கையில் கிடைத்ததோடு கற்பிட்டிக் கரையிலும் புத்தளத்து முகாம்களிலும் வந்து ஒதுங்கினார்கள். 2009க்குப் பிறகு திரும்பிப் போனவர்களில் முசலிப் பக்கத்தார் பலர், தாங்கள் இல்லாத காலத்தில் காடு வளர்ந்து போன தம் காணிகள் வன ஒதுக்கு என்று வர்த்தமானியில் வந்திருப்பதைக் கண்டார்கள். வீடு கட்டப் போனவர்களுக்குக் காடழிப்பவர்கள் என்ற பட்டமும் கிடைத்தது. ஆகவே "இயற்கையைக் காப்போம்" என்று யாராவது சொன்னால், அடுத்து எந்தக் காணி போகப் போகிறதோ என்று அந்த மக்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

மறுபக்கம் பெரிய திட்டங்கள். மன்னார்த் தீவின் தென்கரையில் மின்சார சபையின் 30 காற்றாலைக் கோபுரங்கள் 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டன. இன்னும் பெரிதாக வர இருந்த திட்டத்திலிருந்து இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து வீதியில் இறங்கினார்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மணல் போனால் பறவைக்கு மட்டும் அல்ல, மீனவருக்கும் கிணற்று நீருக்கும் ஆபத்து என்று அந்த மக்கள் சொன்னதைக் கவனிக்க வேண்டும். இந்த இடத்தில் பறவையும் ஏழையும் ஒரே கட்சி.

உப்புக்கொத்தி கேட்பது காணி உறுதி அல்ல. மணலில் சில முழம், வருடத்தில் சில வாரம். குஞ்சு பொரித்த சில மணி நேரத்திலேயே எழுந்து ஓடத் தொடங்கிவிடும். தாய் ஊட்ட வேண்டியதில்லை, தானே பொறுக்கித் தின்னும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறந்துவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் நாம் பாயை விரித்தால் அதற்கு ஆட்சேபம் இல்லை.

ஆகவே வேன் ஏறுவதற்கு முன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அழைத்துப் போங்கள். வேனை மணலுக்குள் இறக்க வேண்டாம் என்று டிரைவர் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். நடப்பதானால் அலை நனைக்கும் ஈர மணலில் நடங்கள். அங்கே முட்டை இராது. மேலே, காய்ந்த மணலும் சிப்பியும் கிடக்கும் இடத்தில்தான் இருக்கும். படகுக்காரர் மணல் திட்டில் இறக்கிக் காட்டுகிறேன் என்றால், ஆலாக்கள் இருக்கும் காலத்தில் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் இறங்கவும் கூடாது. முட்டையை எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

ஒரு பறவை உங்கள் முன்னால் வந்து, சிறகு முறிந்தது போல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தடுமாறினால், ஐயோ பாவம் என்று பிடிக்க ஓடாதீர்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குஞ்சோ முட்டையோ உங்கள் காலடியில் எங்கோ இருக்கிறது. தன்னைப் பிடிக்க வரட்டும் என்று உங்களைத் திசை திருப்புகிறது. நாயின் முன்னாலும் இப்படித்தான் தன் உயிரை வைத்து விளையாடும். அந்த இடத்தில் அப்படியே நின்று, வந்த காலடித் தடத்திலேயே பார்த்துப் பார்த்துப் பின்வாங்குங்கள்.

ஏற்கெனவே பிள்ளை முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால்? மனிதக் கை பட்டால் பறவை சேர்க்காது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியல்ல, மணம் பிடித்து வெறுக்கும் பழக்கம் அதற்கு இல்லை. பிள்ளையை அடிக்காமல், எந்த இடத்தில் எடுத்தாய் என்று கேட்டு, அவன் கையாலேயே அந்தக் குழியில் வைக்கச் சொல்லுங்கள். வைத்துவிட்டுத் தூரப் போய் உட்காருங்கள். தாய் உடனே வராது. முதலில் இந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கம் ஓடும், மேய்கிற மாதிரி நடிக்கும். நீங்கள் அசையாமல் இருந்தால், சற்று நேரத்தில் குழிக்கு அருகே வந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, இறகை உதறி மெதுவாக உட்காரும்.